பக்கத்தில் ஒரு பிள்ளை

கடற்கரை ஒழுங்கை,
திருகோணமலை.
2.1.1965

அன்புள்ள அக்கா,

தந்திக் கம்பி எல்லாம் அறுந்து மண்ணில் கிடக்கிறது. தபால் பஸ் இன்றுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாள் பிந்தி, அதுவும் கடிதத்தில், இதை உங்களுக்கு எழுத வேண்டியதாகிவிட்டது. மனதைத் தைரியப்படுத்திக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் அப்பா போய்விட்டார். டிசம்பர் 22ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, சூறாவளி அடித்த அன்று பின்னேரம். 24ஆம் திகதி அடக்கம் செய்தோம்.

கோவில் கூரையில் ஓடு இல்லை. பங்குச் சுவாமி வானத்துக்குக் கீழே நின்றுதான் பூசை வைத்தார். ஊரில் அந்த நாட்களில் பல வீடுகளுக்குப் பெட்டி தேவைப்பட்டது. தச்சனிடம் பலகை இல்லை. அம்மாவின் அலுமாரியைப் பிரித்து நானே பெட்டி செய்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கதவை மூடியாக வைத்தேன். நல்ல முதிரைப் பலகை. அப்பா அதில் படுத்தது மேலே இருக்கும் அம்மாவுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு நிற்கிறது. ஓடு பாதி போய்விட்டது. நான் என்ஜின் ஓட்டுகிற துறைமுக லோஞ்ச் படகு கரையேறி ஒரு வாகை மரத்தில் சாய்ந்து கிடக்கிறது. அதை இறக்கும் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. காலில் ஒரு வெட்டு, காய்ந்து வருகிறது.

அப்பா அமைதியாகத்தான் போனார். புரட்டாதியில் பாரிசவாதம் வந்ததிலிருந்து படுக்கைதானே. உங்களைப் பற்றி அடிக்கடி கதைப்பார். அந்தக் குளிருக்குள் உங்களுக்கு நல்ல போர்வை இருக்குமோ என்று கேட்பார்.

இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

உங்கள் தம்பி,
இன்னாசி


கன்னியர் மடம்,
பண்டாரவளை.
11.1.1965

அன்புத் தம்பி இன்னாசிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மதர் தாமே கொண்டுவந்து தந்தார். வேதபாட வகுப்பு முடியும்வரை நான் அதைப் பிரிக்கவில்லை. உன் எழுத்தைக் கண்டதும் நீங்கள் இருவரும் சுகம் என்றே நினைத்துக்கொண்டேன்.

வானொலியில் சூறாவளிச் செய்தி கேட்ட நாள் முதல் உங்கள் இருவருக்காகவும் செபமாலை சொல்லி வந்தேன். பதினெட்டு நாள், இறந்துபோன அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்று செபித்திருக்கிறேன். அந்தச் செபங்கள் எங்கே போயிருக்கும் என்று இரவும் பகலும் யோசிக்கிறேன்.

அம்மாவின் அலுமாரி பற்றி எழுதியிருந்தாய். அதை வாசித்துத்தான் அழுதேன். நல்ல வேலை செய்தாய் தம்பி.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்துவிட்டேன். பெட்டி எந்தப் பலகையில் செய்தது என்று எழுதியிருக்கிறாய். லோஞ்ச் எந்த மரத்தில் சாய்ந்தது என்று எழுதியிருக்கிறாய். அப்பாவின் காதில் யார் சொன்னது என்று மட்டும் எழுதவில்லை.

உனக்குத் தெரியாததா? நம் அப்பா கோவில் மூப்பராக இருந்த இருபத்தாறு வருடத்தில் அவர் போய் உட்காராத மரணப் படுக்கை நம் பங்கில் இல்லை. சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டுப் போவார். காதோடு குனிந்து "சேசு, மரி, சூசை" என்று கடைசி மூச்சு வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் அந்த மூன்று பெயரையும் கேட்காமல் ஒரு கிறிஸ்தவன் போகக்கூடாது என்பது அவருக்கு வேதத்தைப் போல.

துக்கத்தில் மறந்திருப்பாய். அடுத்த கடிதத்தில் எழுது. நீ அவர் காதில் சொன்னதை எண்ணியெண்ணித்தான் எனக்கு ஆறுதல் வரும்.

அன்புடன் அக்கா,
சிஸ்டர் மரிய கிளாரா


கடற்கரை ஒழுங்கை,
திருகோணமலை.
20.1.1965

அன்புள்ள அக்கா,

மறக்கவில்லை. எழுத மனம் வரவில்லை.

அவர் காதில் ஒருவரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அன்று மூன்று மணிக்கே கடல் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. நம்முடையது கல்வீடு, அத்திவாரமும் உயரம். அப்பாவின் கட்டிலை நடு அறைக்கு இழுத்து, நாலு காலுக்கும் கீழே கல் வைத்து உயர்த்தினேன். அங்கே அவருக்கு ஒன்றும் நேராது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை பிழையாகவில்லை. கடைசி வரைக்கும் அந்த அறைக்குள் தண்ணீர் வரவில்லை.

வேலிக்கு அடுத்த வளவில் ஸெய்னுதீன் குடும்பம் இருக்கிறது. நீங்கள் மடத்துக்குப் போய் ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள், உங்களுக்குத் தெரியாது. அவர் கருவாடு வாங்க மூதூருக்குப் போய், திரும்பும்போது கிண்ணியாத் துறையில் தோணி ஓடாமல் அகப்பட்டுவிட்டார். வீட்டில் அவர் மனைவி ஜெஸீமாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். அவளுக்கு வயிற்றில் எட்டு மாதம். ஓலை வீடு. கூரை கிளம்பிப் போனதை நான் யன்னலால் பார்த்தேன். பெரிய பிள்ளை "இன்னாசி மாமா" என்று கத்தியது கேட்டது. போய் மூன்று பேரையும் கூட்டிவந்து நம் குசினிக்குள் அடுப்புப் பக்கமாக இருத்தினேன்.

அதற்குள் தம்பையா வாசலுக்கு வந்துவிட்டார். ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற மீன்பிடிகாரர் தம்பையாதான், அவரை உங்களுக்குத் தெரியும். அவர் மனைவி பத்மாசனி மரத்துக்குக் கீழே அகப்பட்டுக் கால் முறிந்து கிடக்கிறாள், தனியாகத் தூக்க ஏலாது என்று நனைந்துபோய் நின்றார். அவரோடு போனேன். பத்மாசனியை எடுத்துவிட்டோம். ஆனால் திரும்பி வரும் வழியைக் கடல் மூடிவிட்டது. கோவில் மதிலைப் பிடித்துக்கொண்டு, பத்மாசனியைத் தாங்கியபடி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்தபடி கிடந்தார். நித்திரை என்று நினைத்துத்தான் போர்வையை இழுத்துவிட்டேன். உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. குசினியில் ஜெஸீமா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்தாள். அப்பா எப்போது போனார் என்று கேட்டேன். "தெரியாது அண்ணன்" என்றாள். அந்தக் காற்றுக்குள் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்.

இதுதான் நடந்தது. நான் அவரிடம் கேட்ட மன்னிப்பு அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

இன்னாசி


கன்னியர் மடம்,
பண்டாரவளை.
1.2.1965

தம்பி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக்கூடாது என்று பத்து நாள் பொறுத்தேன். பொறுத்தும் பயனில்லை.

1951 தை மாதம் திருகோணமலை ஸ்டேசனில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினேழு வயது. ரயில் புறப்பட மணி அடித்தும் அப்பா என் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "நான் உன்னைத் தடுக்கேல்லைப் பிள்ளை. என்ர நேரம் வரேக்க பக்கத்தில ஒரு பிள்ளை இருந்தாக் காணும். எல்லாரையும் அனுப்பி வைச்சனான், என்னை அனுப்ப ஒரு ஆள் வேணும்" என்றார். நான் வாய் திறக்குமுன் நீ சொன்னாய்: "அப்பா, நான் இருப்பன்." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் ரயில் ஏறினேன். இல்லாவிட்டால் ஏறியிருக்க மாட்டேன்.

நான் சுமக்க வேண்டியதை நீ வாங்கிக்கொண்டாய். வாங்கிக்கொண்டதைக் கீழே போட்டுவிட்டாய்.

அயலாரை நேசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்புக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நீ சின்னப் பிள்ளையாய் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கும் முன் உன் கையைப் பிடித்து நான்தான் சொல்லித்தந்தேன். பெருவிரல் கடவுள். அடுத்தது தாய் தகப்பன். நடுவிரல் கூடப்பிறந்தவர்கள். அதற்கு அடுத்தது அயலார். சின்னவிரல் நம்மைப் பகைக்கிறவர்கள். ஒரு விரலைத் தாண்டி அடுத்த விரலுக்குப் போகக்கூடாது என்று சொன்னேன். சொந்த வீட்டாரைக் கைவிட்டவனைப் பற்றிச் அப்போஸ்தலர் சின்னப்பர் வேதத்தில் என்ன எழுதினார் என்று நீ பூசையில் கேட்டுத்தான் இருக்கிறாய். நான் அதை இங்கே எழுத விரும்பவில்லை.

தம்பையாவுக்கு இரண்டு கை இருந்தது. அந்த ஒழுங்கையில் வேறு ஆண்களும் இருந்தார்கள். அப்பாவுக்கு நீ ஒருவன்தான் இருந்தாய்.

உனக்காகச் செபிக்கிறேன். அதைத் தவிர வேறு எதுவும் இப்போது என்னால் முடியாது.

சிஸ்டர் மரிய கிளாரா


திருகோணமலை,
14.2.1965

மதிப்புக்குரிய சிஸ்டர் மரிய கிளாரா அவர்களுக்கு,

கடைசியில் அக்கா என்று நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை. ஆகவே நானும் தொடக்கத்தில் அப்படி எழுதவில்லை.

விரல் கணக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்று விளங்கவில்லை. கடவுள் கூப்பிட்டார், நீங்கள் தகப்பனை விட்டுப் போனீர்கள். அதற்குத் தேவ அழைத்தல் என்று பெயர். உங்களை அனுப்பப் பாட்டுப் பூசை வைத்தார்கள், பான்ட் வாத்தியம் வைத்தார்கள். பக்கத்து வளவுப் பிள்ளை கூப்பிட்டது, நான் போனேன். இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் மதரிடம் கேட்டு எழுதுங்கள்.

பதினாலு வருடம் நான் இருந்தேன். எனக்குப் பேசிவந்த இரண்டு சம்பந்தமும், அப்பாவை விட்டு வரமாட்டேன் என்றதும் திரும்பிப் போனது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, காலையில் அவருக்குத் துடைத்துவிட்டுத்தான் நான் லோஞ்சுக்குப் போவேன். மத்தியானம் ஓடிவந்து கஞ்சி பருக்குவேன். அதை எல்லாம் நான் ஒருநாளும் உங்களுக்கு எழுதவில்லை. புரட்டாதியில் ஒரே ஒரு கடிதம் எழுதினேன். அப்பா விழுந்துவிட்டார், உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார், நாலு நாள் வந்துவிட்டுப் போங்கள் என்று. சபை விதி இடம் கொடாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அப்பாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். "விதி எண்டா விதிதானே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் உங்களைக் குறை சொல்லவில்லையே.

இனி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் உங்களுக்கு என்னைத் தீர்ப்பிட இன்னும் சுகமாக இருக்கும்.

ஜெஸீமாவிடம் போனபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தம்பையா வந்தபோதுதான் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இடக்கை ஒன்றுதானே வேலை செய்தது. "போகாதை தம்பி. இண்டைக்கு எனக்கு ஒரு மாதிரி இருக்கு. பக்கத்தில இரு" என்றார். "ஒரு நிமிசம் அப்பா, வாறன்" என்றேன். அவர் விடவில்லை. வாசலில் தம்பையா கும்பிட்டபடி நின்றார். நான் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனேன்.

ஐந்து விரல். நீங்கள் சொல்லித்தந்த அதே ஐந்து விரல்தான். இப்போது எனக்குச் சாப்பிடக் கை வைக்கும்போதெல்லாம் அதுதான் வருகிறது.

இன்னாசிமுத்து


பண்டாரவளை,
20.4.1965

தம்பி இன்னாசி,

உன் மாசி மாதக் கடிதம் கிடைத்தது. தபசு காலம் முழுவதும் அதற்குப் பதில் எழுதப் பார்த்தேன். எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டேன். உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். கால் காயம் ஆறிவிட்டதா?

கிளாரா


கடற்கரை ஒழுங்கை,
திருகோணமலை.
27.12.1965

அன்புள்ள அக்கா,

எட்டு மாதமாக நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. இப்படியே இருந்தால் இரண்டு பேரில் ஒருவர் போனால்தான் மற்றவர் எழுதுவார் போலிருக்கிறது. அதனால் நானே தொடங்குகிறேன். கால் எப்போதோ ஆறிவிட்டது.

22ஆம் திகதி அப்பாவின் ஆண்டுத் திவசப் பூசை. கோவிலுக்குப் புது ஓடு போட்டாயிற்று. ஒழுங்கைச் சனத்தை எல்லாம் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாடு கொடுத்தேன். பத்மாசனி நொண்டி நொண்டி வந்து குசினியில் நின்று எல்லாம் சமைத்துத் தந்தாள். தம்பையா ஒரு பெரிய பாரை மீன் கொண்டுவந்தார்.

எல்லாரும் போனபிறகு ஜெஸீமா வந்தாள், கையில் ஒரு கோப்பையில் வட்டிலப்பம், இடுப்பில் குழந்தை. அந்தச் சூறாவளிக்கு வயிற்றில் இருந்த பிள்ளை, பெயர் லைலா, தத்தி நடக்கப் பார்க்கிறது. ஜெஸீமா வழக்கமாக வாசலோடு கதைத்துவிட்டுப் போகிறவள். அன்று உள்ளே வந்து, அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அண்ணன், நான் அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றாள்.

நான் தம்பையாவோடு போய்க் கொஞ்ச நேரத்தில் அப்பா முனகத் தொடங்கியிருக்கிறார். அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். அந்நிய ஆண் கிடக்கிற அறைக்குள் போகலாமா என்று முதலில் தயங்கினாளாம். பிறகு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலடியில் இருந்துவிட்டாள். அப்பா "சொல்லு, சொல்லு" என்றாராம். என்ன சொல்லச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருடமாக வேலிக்கு அங்கால் இருந்து நம் வீட்டு மாலைச் செபத்தைக் கேட்டவள்தானே.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கட மூண்டு பேரில ரெண்டு எங்கட கிதாபிலயும் இருக்கிற பேர்தானே அண்ணன். ஈஸா, மர்யம். அந்த ரெண்டையும் காதுக்குள்ள சொன்னனான். மூண்டாவதைச் சொல்ல எனக்குத் தெரியேல்லை. அதை அவரே வாய்க்குள்ள சொன்னவர். நான் ரெண்டு சொல்ல, அவர் ஒண்டு சொல்ல, அப்பிடியே கன நேரம் இருந்தம். பிறகு அவர் சொல்லேல்லை."

கண்ணை மூடிவிட்டதும், கையை எடுத்து நெஞ்சில் வைத்ததும் அவள்தான். ஒரு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தான் செய்தது தங்கள் சனத்துக்குக் குற்றமாகப் படுமோ, நம் சனத்துக்குக் குற்றமாகப் படுமோ என்று தெரியாமல் பயந்துபோய் இருந்தாளாம். ஸெய்னுதீனிடம் இப்போதுதான் சொன்னாளாம். அவர், "ஒரு மையத்துக்கு, சாகக் கிடந்த மனிசனுக்குச் செஞ்ச உதவி, போய்ச் சொல்லிப்போட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்.

இன்னும் ஒன்று சொன்னாள். அதை உங்களுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். இப்போது வேண்டாம்.

அக்கா, அவர் காதில் சொல்லப்பட்டது. நான் சொல்லவில்லை, ஆனால் சொல்லப்பட்டது. இது என் குற்றத்தைக் கழுவும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மனம் ஆறட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி,
இன்னாசி


கன்னியர் மடம்,
பண்டாரவளை.
9.1.1966

என் தம்பி இன்னாசிக்கு,

உன் கடிதத்தைக் கோவிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் வைத்துக்கொண்டு வாசித்தேன். அந்தப் பெண்ணின் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிப் பழகுகிறேன்.

என் மனம் ஆறட்டும் என்று எழுதியிருந்தாய். ஆறவில்லை தம்பி. நீ உன் குற்றத்தை ஒளிக்காமல் எழுதிவிட்டாய். நான் இன்னும் ஒளித்துக்கொண்டிருக்கிறேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அதைக் கேட்ட சுவாமி, உன்னிடம் சொல்லாதவரை அது முடியாது என்றார்.

1964 புரட்டாதியில் நீ எழுதிய கடிதத்துக்குச் சபை விதி இடம் கொடாது என்று பதில் எழுதினேன். அது பொய். முந்தைய விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த வருடமே அது தளர்ந்துவிட்டது. மதர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "நாலு நாள் போய்வாருங்கள் சிஸ்டர், பஸ் செலவுக்கு நான் தருகிறேன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். என் தகப்பனின் ஆன்மாவுக்காக இதை ஒறுத்தலாக ஒப்புக்கொடுக்கிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். மதர் என்னைப் புண்ணியவதி என்று நினைத்திருப்பார்.

அது ஒறுத்தல் இல்லை. எனக்குப் பயம். நான் வந்தால் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு "போகாதை பிள்ளை" என்று சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். இந்த உடுப்பும் இந்த வாழ்வும் அந்த ஒரு சொல்லுக்கு நிற்காது என்று பயந்தேன். கடவுளுக்கு முதலிடம் என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன்.

நீ அவருடைய விரல்களை எடுத்துவிட்டுப் போனாய். நான் அந்தக் கை எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டேன். எது பெரிய குற்றம் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் உனக்குச் சின்னப்பரை எடுத்துக் காட்டினேன்.

அன்புக்கு ஒழுங்கு உண்டு என்று இப்போதும் நம்புகிறேன். பிள்ளைகளுக்கு அதைத்தான் படிப்பிக்கிறேன். ஆனால் விரல் வைத்துப் படிப்பிப்பதை விட்டுவிட்டேன். அன்று உனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவர் உன்னைப் பெற்றவர். மற்றவள் மரத்துக்குக் கீழே கிடந்தாள், அவளுக்கு உன்னைத் தவிர வேறு கதி இல்லை. நீ நின்றிருந்தாலும் உனக்குத் தூக்கம் வந்திருக்காது. நான் எத்தனையோ வேத புத்தகங்களைப் புரட்டிவிட்டேன், அதற்குச் சுகமான விடை எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் கிடந்தவர் ஒருவர்தான். எனக்கும் அவருக்கும் நடுவில் கடவுள் ஒருநாளும் குறுக்கே நிற்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்படி மதர் சொல்கிறார். கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்குள் வர எனக்கு முகமில்லை. நீ வரலாம் என்று எழுதினால் வருவேன். எழுதாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

அக்கா


கடற்கரை ஒழுங்கை,
திருகோணமலை.
30.1.1966

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேலாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். மறைக்கவில்லை. புரட்டாதியிலும் ஐப்பசியிலும் சந்தியில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் அப்பா வாசல் பக்கம் தலையைத் திருப்புவார். விதி இடம் கொடாது என்று வாசித்துக் காட்டிய பிறகும் திருப்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில், "முகத்தை மழிச்சுவிடு தம்பி, ஆரும் வந்தா வடிவா இருக்கோணும்" என்பார். அந்த ஆரும் யார் என்று எனக்குத் தெரியும். மடத்து விதியைத்தான் அந்த நேரம் நான் மனதுக்குள் திட்டினேன். உங்களை இல்லை. இப்போது அந்தத் திட்டை எல்லாம் திருப்பி எடுத்து உங்கள் பக்கம் வைக்கப் பார்த்தேன். நாலைந்து நாள் வைத்தும் இருந்தேன்.

பிறகு அப்பாவை நினைத்தேன். ஊரில் குடிகாரன், கள்ளன், அவரோடு பத்து வருடம் பேசாதவன், யார் சாகக் கிடந்தாலும் போவார். ஏனடா இப்படி வாழ்ந்தாய் என்று ஒருவனிடமும் அவர் கேட்டதில்லை. காதில் மூன்று பெயரைச் சொல்லிவிட்டு வருவார். அவருடைய பிள்ளைகள் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எத்தனை நாள் விசாரித்துக்கொண்டிருப்பது? எனக்குக் களைத்துவிட்டது அக்கா. உங்களுக்கும் களைத்திருக்கும்.

ஜெஸீமா சொன்ன மற்றதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். எழுதினால் உங்களுக்குத் தாங்காது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் உங்களுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கவும் விருப்பமாக இருந்தது. இப்போது அது உங்களுடையது.

அன்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஜெஸீமா என்னிடம் கேட்டாள்: "அண்ணன், பிலோமி எண்டது ஆர்?"

இந்த ஒழுங்கையில் அந்தப் பெயரை யாரும் சொல்லிப் பதினைந்து வருடமாகிறது. நீங்கள் மடத்தில் வேறு பெயர் எடுத்தபிறகு அப்பாகூட என்னிடம் "அக்கா" என்றுதான் சொல்லுவார், "சிஸ்டர்" என்றுதான் சொல்லுவார். என் அக்காவின் ஞானஸ்நானப் பெயர் பிலோமினா, அப்பா பிலோமி என்று கூப்பிடுவார் என்றேன். அதைக் கேட்டதும் அவள் அழுதுகொண்டே மிச்சத்தைச் சொன்னாள்.

கடைசி நேரத்தில் அப்பாவுக்குக் கண் தெரியவில்லைப் போலிருக்கிறது. இடக்கையால் அவள் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிலோமி, வந்திட்டியோ பிள்ளை" என்று கேட்டாராம்.

"நான் என்ன செய்ய அண்ணன்? இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. 'ஓம் வாப்பா, வந்திட்டன்' எண்டு சொல்லிப்போட்டன். என்ர கையை இறுக்கிப் பிடிச்சவர். பிறகுதான் அந்தப் பேர்களைச் சொல்லத் தொடங்கினது."

மரணப் படுக்கையில் கிடந்தவருக்குப் பொய் சொன்னதற்காக அழுகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை தங்கச்சி என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய கவலை அது இல்லை. "நீங்கள் எல்லாரும் அவரை அப்பா எண்டுதானே கூப்பிடுறது. அப்பா எண்டு சொல்லியிருக்கோணும். எனக்கு வாப்பா எண்டு வாயில வந்திட்டுது. அது தன்ர மகள் இல்லை எண்டு அவருக்கு விளங்கியிருக்குமோ அண்ணன்?"

ஒரு வருடமாக அவள் மனதில் இருந்தது அதுதான். கருவாடு காயவைக்கும்போதும், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாளாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

பெரிய வியாழனுக்கு முதல் வந்துவிடுங்கள். பஸ்ஸுக்கு நான் சந்தியில் நிற்பேன். அப்பாவின் அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன், கல்லறைக்குப் பின்னேரம் போகலாம். அதற்கு முதல் அடுத்த வளவுக்குப் போய், அவளுக்கு அந்தப் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பி,
இன்னாசி